கடுகுப் பொட்டலத்தில் வந்த வைரமாலை

என் அம்மா மங்களத்தைப் போல ஒரு கள்ளியை நான் பார்த்ததே இல்லை. பெற்ற தாயை இப்படிச் சொல்லலாமா என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். முழுக்கக் கேட்டுவிட்டு வாருங்கள்.

1957. சிங்கப்பூர் ரோவெல் ரோட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில் எங்களுக்கு ஒற்றை அறை. அப்பா அழகப்பனுக்குத் துறைமுகத்தில் வேலை. எனக்கு எட்டு வயது, தங்கைக்கு மூன்று. இரண்டாம் வகுப்பில் எனக்கு அது இரண்டாவது வருஷம். தனித்தனியாகக் காட்டினால் எழுத்தெல்லாம் தெரியும். வரிசையாக நின்றால் போதும், ஒன்றோடொன்று மல்லுக்கட்ட ஆரம்பித்துவிடும். இந்த முறையும் தேறமாட்டாள் என்று ஆசிரியை அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"ஒரே வகுப்புல எத்தனை வருஷம் பெஞ்சு தேய்ப்பா? வருஷக் கடைசியோட நிறுத்திடு. வீட்டுல இருந்து தங்கச்சியப் பார்த்துக்கட்டும்," என்றார் அப்பா.

நான் அழுதேன். அம்மா வாயே திறக்கவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு இருக்கிற ஆளா அவள்?

எங்கள் அறைக்கு நேர் கீழே அப்துல் ஹமீது மாமாவின் மளிகைக் கடை. மெட்ராஸிலிருந்து கப்பலில் வரும் பழைய வாரப் பத்திரிகைகளைக் கட்டுக்கட்டாக வாங்கிக் கிழித்துப் பொட்டலம் மடிப்பார். ஒருநாள் கடுகு மடித்து வந்த தாளில் ஒரு தொடர்கதையின் முதல் அத்தியாயம் இருந்தது. கிழட்டு நகை வியாபாரி ஒருவரின் பங்களா. பூட்டிய அறையிலிருந்து அவருடைய வைரமாலை காணாமல் போகிறது. கூட இருந்தவர்கள் மூன்றே பேர்: சமையல்காரர், மருமகன், டாக்டர்.

ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் நாலாவது வரை படித்தவள் அம்மா. குழம்பைக் கிளறிக்கொண்டே எனக்கு அதை வாசித்தாள். மருமகன் மூக்கால் பேசினான், டாக்டர் வாக்கியத்துக்கு ஒருமுறை இருமினார்.

"கதவுக்குப் பின்னாடி ஒரு நிழல். அது மெல்லத் திரும்பிச்சு. பார்த்தா, அது..."

"அது?"

"ஐயையோ, கம்புல துணி நனையப்போகுது!" தாளை அரிசி டின்னுக்கு மேல் செருகிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கம்பில் காயும் துணியை எடுக்க ஓடினாள். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. முக்காலியில் ஏறித் தாளை எடுத்தேன். ஒவ்வோர் எழுத்தாக விரலால் தள்ளிக்கொண்டே போய், அந்த நிழல் ஒரு பூனை என்று கண்டுபிடிக்க அரைமணி நேரம் ஆயிற்று. பூனையா! அந்தப் பத்திரிகைக்காரன் மட்டும் கையில் கிடைத்திருந்தால் பிறாண்டியிருப்பேன்.

அடுத்த அத்தியாயத்துக்கு மறுபடியும் கடுகு. "அண்ணே, ஆறாவது அத்தியாயத்துல மடிச்சுக் கொடுங்க," என்பாள் அம்மா. "நான் கடை நடத்துறேனா, படிப்பகம் நடத்துறேனா லா?" என்று அலுத்துக்கொண்டே ஹமீது மாமா கட்டைப் புரட்டித் தேடுவார். முக்கியமான இடம் வந்தால் அம்மாவுக்கு ஒருநாள் இடுப்பு பிடித்துக்கொள்ளும், இன்னொரு நாள் கண்ணில் தூசி விழும். மீதியை நான்தான் படித்தாக வேண்டும். அரைமணி நேரம் கால்மணி நேரமாயிற்று, பிறகு ஐந்து நிமிஷம்.

ரசத்தில் கடுகு, சட்னியில் கடுகு, மோரில்கூடக் கடுகு. "என்னடி இது, கடுகுக்குக் கல்யாணமா?" என்று கத்திய அப்பாவும் மெல்ல மெல்லச் சாப்பாட்டுத் தட்டோடு அடுப்புப் பக்கம் நகர்ந்து வந்துவிட்டார். டாக்டர்தான் திருடன் என்பது அவர் கட்சி. "மருமகன்தான். மருமகனுங்கள நம்பவே கூடாது," என்று அம்மா அவரைப் பார்த்துக்கொண்டே சொல்வாள்.

கடைசி அத்தியாயம் வரவேண்டிய நாளில் வெறுங்கையோடு வந்தாள்.

"போச்சு! அந்தத் தாள்ல ஹமீது அண்ணன் மிளகாய்த்தூள மடிச்சு ருக்கையா அக்காவுக்குக் கொடுத்துட்டாராம். கண்மணி, ஓடு. தாளக் கேக்காத, தூள் கொட்டிடும். அங்கயே படிச்சிட்டு வந்து சொல்லு."

"நானா?"

"பின்ன, பூனையா?"

நாலு வீடு தள்ளி ருக்கையா மாமி வீடு. பொட்டலத்தைப் பிரித்து வைத்து, தூளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒதுக்கி ஒதுக்கிக் காட்டினார் மாமி. கண்ணில் தண்ணீர், மூக்கில் தண்ணீர், வரிக்கு ஒரு தும்மல். தூளை டப்பாவில் கொட்டிவிட்டால் தாளையே எடுத்துக்கொண்டு போகலாமே என்ற புத்தி எனக்கு வரவில்லை. ஆனால் எழுத்துகள் ஒன்றுகூட மல்லுக்கட்டவில்லை.

ஓடி வந்தேன். அப்பா சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் காத்திருந்தார்.

"டாக்டர்தானே?"

"இன்ஸ்பெக்டர் எல்லாரையும் கூடத்துல நிக்க வச்சாரு. ஒவ்வொரு முகமா பார்த்தாரு. கைய நீட்டி, 'மாலைய எடுத்தது...'" அங்கே நிறுத்தினேன். "அம்மா, தாகமா இருக்கு."

"அடிக் கழுதை!" அம்மா கரண்டியை ஓங்கினாள்.

"சொல்லித் தொலை, தாயே!" என்றார் அப்பா.

"ஸ்கூல நிறுத்துவீங்களா, மாட்டீங்களா?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா கூரையைப் பார்த்தாள்.

"நிறுத்தல. சத்தியமா நிறுத்தல. யாருடி திருடன்?"

"யாருமே இல்லப்பா. மாலை களவே போகல. அந்தக் கிழவரே ஒளிச்சு வச்சிட்டு, தெரியாத மாதிரி உக்காந்திருந்தாரு."

"அடப்பாவி!" என்று அப்பா தலையில் கைவைத்தார். அம்மா கண்ணை அகல விரித்து, "அடி ஆத்தி! எனக்குத் தோணவே இல்லையேடி!" என்றாள். அம்மாவுக்கே தெரியாத ஒன்றை நான் படித்துச் சொல்லிவிட்டேன்! எனக்குத் தரையில் கால் நிற்கவில்லை. அந்த வருஷம் தேறிவிட்டேன்.

பதினொரு வருஷம் கழித்துத் தோ பாயோ அடுக்குமாடி வீட்டில் பால் காய்ச்சினோம். நான் அப்போது ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்திருந்தேன். விருந்துக்கு வந்த ருக்கையா மாமியிடம் பழைய மிளகாய்த்தூள் கதையை எடுத்தேன்.

மாமி சிரித்தார். "அத நான் எங்கடி வாங்கினேன்? காலையிலயே உங்கம்மாதான் கொண்டுவந்து கொடுத்தா. 'இவ வருவா, தாள மட்டும் கையில கொடுத்துடாதீங்க, இங்கயே படிக்க வைங்க'ன்னா. எங்க வீட்டுப் படியில உக்காந்து முழுசும் படிச்சுச் சிரிச்சிட்டுத்தான் தூள மடிச்சா."

விறுவிறுவென்று அடுப்படிக்குப் போனேன். அம்மா எதுவும் காதில் விழாதவளைப் போலப் பாயசம் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா! முடிவு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஐயையோ," என்று கரண்டியை என் கையில் திணித்தாள், "கம்புல துணி நனையப்போகுது!"

வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது.