ஞாயிற்றுக்கிழமை காணாமல் போகும் ஊர்

செல்போன் டவருக்கு இடம் பார்ப்பது என் வேலை; சிக்னலைத் தேடி மொட்டை மாடிக்கு ஓடும்போது நீங்கள் திட்டுகிற ஆள் நான்தான், ஆனால் நானும் பக்கத்து மாடியில்தான் 'ஹலோ, ஹலோ' என்று கத்திக்கொண்டிருக்கிறேன்.

எதை ஏலம் எடுத்தீக?

எங்கள் கம்பெனி அரசாங்க ஏலத்தில் புது அலைவரிசை எடுத்திருந்தது. உடனே, 'ஏழாயிரம்பண்ணைப் பக்கம் டவருக்கு இடம் பிடி' என்று என்னை விரட்டினார்கள். அங்கே எந்தக் கம்பெனி சிக்னலும் எட்டாத ஒரு கிராமம். பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும் முருகேஸ்வரி, வீட்டை ஒட்டிய காலி மனையைத் தரத் தயாராக இருந்தார். கால் சரியில்லாத அவர் கணவர் வீட்டோடு இருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார்.

ஏலம் என்றதும் அந்த அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கண்மாய் மீனை ஏலம் விடுவார்கள், புளியமரத்தை விடுவார்கள், இது என்ன? "காற்றில் பேச்சு போகிற வழிம்மா. ஏலம் எடுத்தவர்தான் அதில் பேச்சை அனுப்பலாம்" என்றேன். விளக்க விளக்க எனக்கே குழம்பியது. முருகேஸ்வரி கேட்டார்: "அப்ப ஏலத்துல தோத்தவுக எந்தக் காத்துல பேசுவாக?"

காட்டுக்குள் ஒரு டவுன்

சென்னைப் பொறியாளர் அந்த மனை வேண்டாம் என்றார். கிராமத்தில் போனே இல்லை என்று அவருடைய கம்ப்யூட்டர் சொல்கிறதாம். சிக்னல் இல்லாத ஊரில் போன் எப்படி சார் தெரியும் என்று கேட்டேன். கொஞ்சம் தள்ளி, கரிசல் காட்டுக்கு நடுவே ஒரே இடத்தில் போன்கள் குவிந்து கிடக்கின்றனவாம். பெரிய டவுனாக இருக்க வேண்டும், டவரை அங்கே போடு என்றார்.

போய்ப் பார்த்தேன். டவுன் இல்லை, முருகேஸ்வரியின் ஆலை கேட். வெடிமருந்து புழங்கும் இடத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. எல்லாரும் வாட்ச்மேனிடமுள்ள மரப்பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். பொறியாளரைக் கூப்பிட்டு விளக்கினேன். எவ்வளவு காதில் வாங்கினாரோ தெரியவில்லை. "அதெல்லாம் சரி, ஞாயித்துக்கிழமை மட்டும் அந்த டவுன்காரங்க மொத்தமா எங்க போயிடுறாங்க?" என்றார்.

சிக்னல் இருக்கிறது

வேறு வழியில்லாமல் அவரையே வரவழைத்தேன். கேட்டில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது தூரத்தில் 'டொம்' என்று ஒரு சத்தம். ஆலைக்குள்ளிருந்து எல்லாரும் வெளியே ஓடி வந்தார்கள். எங்கோ ஒரு பட்டாசு ஆலை வெடித்துவிட்டது என்றே எல்லாரும் நினைத்தோம். கல்குவாரி வெடிதான் என்று வாட்ச்மேன் கத்தியும் யார் காதிலும் ஏறவில்லை. பெட்டியைச் சுற்றி அத்தனை கைகள்.

முருகேஸ்வரியும் வீட்டுக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றே வந்தது. அந்தச் சத்தம் ஊருக்கும் கேட்டிருக்கும். அந்தக் காலோடு வீட்டுக்காரர் கேட்டுக்குக் கிளம்பியிருப்பார் என்று அவருக்குப் பதற்றம். பொறியாளர் தன் போனைப் பார்த்து, "இங்கே ஃபுல் சிக்னல் இருக்கேம்மா?" என்றார். செருப்பை மாட்டியபடியே முருகேஸ்வரி சொன்னார்: "இங்கன இருந்து என்ன சார்? எடுக்குறவுக அங்கனல்ல இருக்காக."

ஊர்ப்பக்கம் வேகமாக நடந்து போனார். பொறியாளர் தன் காகிதத்தில் ஆலை கேட்டை அடித்துவிட்டு முருகேஸ்வரியின் மனையை எழுதினார்.

முதல் அழைப்பு

டவர் அந்த மனையிலேயே எழும்பியது. இயக்கிவைத்த சில நாளில் சரிபார்க்கப் போயிருந்தேன். மறுபடியும் குவாரிச் சத்தம். முருகேஸ்வரியின் கணவர் சுவரைப் பிடித்து எழுந்து, வாசலைப் பார்த்தபடி போனை இறுகப் பிடித்திருந்தார். அடித்ததும் ஸ்பீக்கரில் போட்டார். 'நான் நல்லாயிருக்கேன்' என்று கேட்கப்போகிறோம் என நானும் மூச்சைப் பிடித்து நின்றேன். முருகேஸ்வரியின் குரல் வந்தது: "ஏங்க, கொடியில கெடக்குற துணிய எடுத்தீகளா?"

துணி காய்ந்ததா என்று விசாரிக்கவா இத்தனை உயரத்துக்கு இரும்பை நட்டோம் என்று எனக்கு இன்னும் குழப்பமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதைக் கேட்டு அந்த மனிதர் சுவரில் சாய்ந்து அழுததைப் பார்த்த பிறகு எங்கே சத்தம் கேட்டாலும் நானும் வீட்டுக்குப் போன் போட்டு உப்புச்சப்பில்லாமல் ஏதாவது கேட்கிறேன்.