அடி சரிந்த குண்டுகள்

ஈயக் குண்டு வார்ப்பது புகையைக் குடிக்கிற தொழில். எனக்கு அதில் இருமலைவிட ஏச்சுதான் அதிகம் மிஞ்சியது. கையால் ஒன்றைச் செய்து கொடுத்துப் பேச்சு வாங்கிய உங்களுக்கு இது புரியும்.

புது அச்சு

பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறுவருஷம். பட்டாளத்துப் பென்சன்காரர்கள் ஆறேழு பேர், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் லைசென்சு ரிவால்வரோடு நோணாங்குப்பம் ஆற்றோரம் குறி சுடப் போவார்கள். வெற்றுத் தோட்டாவில் மருந்தை அவர்களே நிரப்பிக்கொள்வார்கள். அதன் முனையில் உட்காரும் குண்டை மட்டும் முதலியார்பேட்டையில் என் வீட்டுக் கொல்லையில் நான் வார்த்துக் கொடுத்தேன். இந்த வேலை போனால் மறுபடி துறைமுகத்தில் மூட்டைதான்.

ஆசைப்பட்டுப் புது அச்சு ஒன்று வாங்கினேன். அதில் வார்த்தால் குண்டின் அடி விளிம்பு சுற்றிலும் சரிவாக வரும்; தோட்டாவுக்குள் சிக்காமல் இறங்கும். கூட்டத்துக்குத் தலைவர் அந்துவான் முசே (ஐயா என்பதற்கு அங்கே முசே) அதில் பத்து சுட்டார். எப்போதும் ஓர் உள்ளங்கைக்குள் விழுகிறவை காகிதம் முழுக்கச் சிதறின. அத்தனை பேர் முன்னால் கேட்டார்: "ஏன் வேலு, இது குண்டா, கோழிக்கு எறைச்ச அரிசியா? அடுத்த வாரமும் இப்படின்னா வேற ஆளைப் பாத்துக்குறோம்."

தராசு சொல்லாதது

தட்டாரிடம் தராசு வாங்கி ஒவ்வொரு குண்டாக நிறுத்தேன். எல்லாம் ஒரே எடை. அச்சில் கீறல் இல்லை. தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

துப்பாக்கிக் குழாயில் ஈயம் ஒட்டாமலிருக்கக் குண்டைச் சுற்றி மெழுகும் கொழுப்பும் பூசுவது வழக்கம். பழைய தட்டையடிக் குண்டைத் துணியில் ஒரு தேய் தேய்த்தால் அடி சுத்தமாகிவிடும். இதையும் அப்படித்தான் தேய்த்திருந்தேன். என் மனைவி ஒன்றை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தாள். "இந்தச் சரிவுல ஒரு பக்கம் மட்டும் பிசுக்கு ஒட்டியிருக்குதே, சட்டி கழுவுறவளுக்குத் தெரியறது உங்களுக்குத் தெரியலியா?"

ஐந்தும் ஐந்தும்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆற்றோரத்தில் முசேயிடம் பத்து குண்டை ஐந்தைந்தாகப் பிரித்துக் கொடுத்தேன்; அங்கேயே தோட்டாவில் பொருத்திக்கொண்டார். முதல் ஐந்தின் அடியில் பிசுக்கை வேண்டுமென்றே விட்டிருந்தேன். மற்ற ஐந்தின் சரிவை ஊசிமுனையில் சுற்றிய துணியால் சுற்றிச் சுற்றித் துடைத்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

முதல் ஐந்தும் சாண் சாணாகத் தள்ளி விழுந்தன. முறைத்தார். "இன்னும் அஞ்சு இருக்குது முசே" என்றேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு சுட்டார். ஓடிப்போய்ப் பார்த்தேன். ஐந்து ஓட்டையையும் ஒரு பூவரச இலையால் மூடிவிடலாம். அடியில் ஒரு பக்கம் ஒட்டிய எறும்பின் தலையளவு மெழுகு குண்டைக் கோணலாக்கி, முப்பது தப்படி தாண்டி ஒரு சாண் தள்ளுகிறது! அந்த வயதிலும் அந்தக் கை இம்மியும் ஆடவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. கும்பிடலாம் போலிருந்தது. அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தைக்காக நின்றேன்.

"சரி, நீயே வார்த்துக் குடு. கண்ணாடியத் தொடச்சதும் எப்படி வுழுந்துச்சு, பாத்தியா!"

இத்தனை வருஷமாகியும் நான் மன்னிக்கவில்லை: சிதறினால் குண்டு என்னுடையது, சேர்ந்து விழுந்தால் கண்ணாடி அவருடையது.