சுபைதா அக்காவின் கடைசி மூட்டை

சுபைதா அக்கா இறந்த செய்தி செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்கு வந்தது. ஸ்ரீரங்கம் தெற்குச் சித்திரை வீதியில் உள்ள என் ஜெராக்ஸ் கடையில் யாருக்கோ ஆதார் அட்டை நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். போனில் அவர் மகன் சலீம். "சார், அம்மா மௌத்தாயிட்டாங்க. நாகப்பட்டினத்துலேருந்து ரயில்ல வந்துக்கிட்டிருந்தாங்க. தஞ்சாவூர்ல இறக்கிப் பாத்திருக்காங்க, உசுரு இல்ல."

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. "பழைய சாமான் வாங்கவா போனாங்க?" என்று கத்தினேன். பெற்றவளைப் பறிகொடுத்தவனிடம் கேட்கிற கேள்வியா அது? ஆனாலும் கேட்டேன். அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை. அஞ்சலி எழுதித் தரும்படி கேட்ட நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். சாந்தமாக எழுத இப்போது எனக்கு வராது.

அக்காவை உங்களில் பலர் பாலக்கரையில் பார்த்திருப்பீர்கள். கயிறு, தார்ப்பாய் விற்கும் கடை. கணவர் போன பிறகு தனியாளாக நடத்தினார். நாங்கள் பதினொரு பேர், ஆட்டோ ஓட்டுகிறவர், பூக்கடைக்காரர், மடப்பள்ளியில் வேலை செய்கிறவர் என்று ஆளுக்கொரு பிழைப்பு உள்ளவர்கள், விசேஷ நாட்களில் காவிரிக் கரையில் நிற்போம். குளிக்க இறங்கி இழுத்துப் போகப்படுகிறவர்களைத் தூக்கி வருவோம். அதற்குக் கயிறு வாங்கத்தான் முதலில் அவர் கடைக்குப் போனோம். பளபளவென்று இருந்த ஒரு நைலான் சுருளை நான் எடுத்தேன். எதற்கு என்று கேட்டார். சொன்னதும் கையிலிருந்து பிடுங்கி வைத்துவிட்டார். "தண்ணியில முங்குற கயித்த வச்சுக்கிட்டு யாரைத் தூக்கப் போறீங்க தம்பி? உங்களைத் தூக்க இன்னொரு கோஷ்டி வரணும்." உள்ளே போய், எந்தப் படகிலோ உழைத்துச் சாயம் போன ஒரு கயிற்றைக் கொண்டுவந்து போட்டார். அது மிதந்தது. கையிலும் வழுக்கவில்லை.

அன்றிலிருந்து எங்களுக்கு வேண்டியதையெல்லாம் அவரே தேடிப் பிடித்தார். நாகப்பட்டினம் பக்கம் பழைய படகுகளை உடைக்கும் இடங்களில் அவ்வப்போது சாமான் விற்பனை நடக்கும். மோட்டார், துடுப்பு, வலை, லைஃப் ஜாக்கெட் எல்லாம் மணலில் குவித்துக் கிடக்கும். அக்காவுக்கு அங்கே போவதென்றால் கல்யாண வீட்டுக்குப் போவது மாதிரி. வேண்டிய பொருளைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். வேண்டாத எதையாவது பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் பேரம் பேசி, விற்கிறவனைச் சலிக்க வைத்து, "போ, இது வேணாம். அந்த மூட்டையவாவது போட்டுக் குடு" என்று போகிற போக்கில் சொல்வார். ஒரு முறை இப்படிச் சும்மா பேசிய நங்கூரத்தை அக்கா கேட்ட விலைக்கே அவன் கொடுத்துவிட்டான். மலிவு என்றால் அக்காவால் விட முடியாது. நானும் அவரும் அதை ரயிலடியிலிருந்து டவுன் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்தோம். "காவிரிக்கு நங்கூரம் எதுக்கும்மா?" என்று கண்டக்டர் கேட்டார். "கப்பல் வரும்போது சொல்றேன், டிக்கெட்டக் குடுங்க" என்றார் அக்கா. பஸ்ஸே சிரித்தது.

சிரிப்பெல்லாம் கரையோடு சரி. லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் அவர் வேறு ஆள். மூட்டை கட்டும் முன்பே ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்ப்பார், தையலைப் பிரித்து முகர்ந்து பார்ப்பார். வீட்டுக்கு வந்ததும் ஏழு கிலோவுக்கு எடைக்கற்களைக் கட்டித் தொட்டியில் போடுவார். காலையில் போட்டது சாயங்காலம் வரை மிதந்தால் எங்களுக்கு. முங்கினால் அப்போதே கத்தரிக்கோலை எடுத்து நடுவில் இரண்டாக வெட்டிவிடுவார். "திருப்பிக் குடுத்து வேற வாங்கலாமே அக்கா" என்று கேட்டிருக்கிறேன். "திருப்பிக் குடுத்தா அவன் தொடைச்சுக் காயவச்சு இன்னொரு ஊர்க்காரனுக்கு விப்பான். அதை நம்பி ஒருத்தன் தண்ணியில எறங்குவான். நம்ம காசு போனாப் போகுது" என்றார். அரை ரூபாய்க்கு அரை நாள் வாதாடுகிறவர் சொன்னது இது.

இந்த வருடம் எங்களிடம் இருந்த ஜாக்கெட்டுகள் எல்லாம் ஒன்று விடாமல் நைந்துவிட்டன. பழையதை வாங்கினால் எத்தனை வருடம் வரும்? ஆடிப்பெருக்குக்குள் புதிதாக வாங்கித் தரும்படி மனுக் கொடுக்க முடிவு செய்தோம். ஊருக்கெல்லாம் மனு டைப் அடித்துக் கொடுக்கிறவன் நான். அக்கா எதிரில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் அடித்தேன். இதுவரை என்னென்ன வைத்திருந்தோம் என்று ஒரு பட்டியல் போடச் சொன்னார். போட்டேன். "பக்கத்துல விலையையும் போடுங்க தம்பி. எவ்வளவு கொறச்சு வாங்கினோம்னு தெரியட்டும்." அதையும் போட்டேன். என் தொழில் புத்தி எங்கே போயிற்று? கேட்டு வாங்கப் போகிற இடத்தில் யாராவது இப்படி எழுதுவார்களா? அக்காவின் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து, நீக்கிவிடுவோம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. அங்கிருந்த அதிகாரி பட்டியலை ஒரு முறை படித்தார், இன்னொரு முறை படித்தார். "இந்த விலைக்கு நீங்களே வாங்கிடுறீங்களே, அப்புறம் புதுசு எதுக்கும்மா? நாங்க வாங்கினா இதைப் போல பத்து மடங்கு ஆகும். நீங்களே பாத்துக்குங்க. நல்ல சேவை" என்று மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். படியிறங்கும்போது அக்கா சொன்னார்: "பாத்தீங்களா தம்பி, ஆபீசருக்கே ஆச்சரியம்." அக்காவின் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டியே எங்களைக் கைகழுவி அனுப்பிவிட்டார்கள். அது அக்காவுக்குப் பாராட்டாகக் கேட்டது.

ஆடிப்பெருக்குக்கு இரண்டு வாரம் இருக்கும்போது நாகப்பட்டினத்தில் விற்பனை என்று தகவல் வந்தது. அக்காவுக்கு ஏற்கெனவே நெஞ்சு வலி. அலையக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். போக வேண்டாம் என்று போனில் சண்டை போட்டேன். "மேட்டூர் தண்ணி வந்துருச்சு தம்பி. படித்துறை நெறைய ஜனம் எறங்கும். நீங்க என்னத்தப் போட்டுக்கிட்டு நிப்பீங்க?" என்றார். நானும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அன்று கடையில் வேலை இருந்தது, அதனால் சொல்லவில்லை. இதை எங்கே போய்ச் சொல்லி அழுவது?

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் ஸ்ரீரங்கத்தில் இரங்கல் கூட்டம் போட்டோம். அதே அதிகாரி வந்திருந்தார். மாலை போட்டார், மைக்கைப் பிடித்தார். "குறைந்த செலவில் எவ்வளவு செய்ய முடியும் என்று இந்த அம்மையார் நமக்குக் காட்டியிருக்கிறார். வரும் ஆண்டுகளிலும் அவர் வழியில் செல்வோம்" என்றார். கை தட்டினார்கள். நான் எழுந்து, "அவங்க வழி எங்க போச்சுன்னு தெரியுமா சார்? தஞ்சாவூர் பிளாட்பாரத்துல போயி நின்னுச்சு" என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்கள். இரங்கல் கூட்டத்தில் சத்தம் போட்டது தவறு என்று சிலர் வருத்தப்பட்டார்கள். வருத்தப்படட்டும். சொன்னதை நான் திரும்ப வாங்கிக்கொள்ளப் போவதில்லை.

மறுநாள் ரயில்வே பார்சல் ஆபீஸிலிருந்து அக்காவின் மூட்டை வந்தது. பதினான்கு ஜாக்கெட். சலீமும் நானும் அவர் செய்தபடியே கல்லைக் கட்டித் தொட்டியில் போட்டோம். மதியத்துக்குள் ஒன்பது முங்கிவிட்டன. எனக்குப் புரியவில்லை. ஒரு மூட்டையில் முங்குகிறது இரண்டு மூன்றுக்கு மேல் அவரிடம் யாரும் தள்ளிவிட்டதே இல்லை. சலீம் விற்றவனுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். "அம்மாவுக்கு அன்னிக்கு மொகமே சரியில்லைங்க. கவுத்துப் போட்ட படகு மேல உக்காந்துட்டாங்க. எதையும் பிரிச்சுப் பாக்கல. பேரமே பேசலைங்க. சொன்ன விலையக் குடுத்துட்டு, கட்டிப் போட்டுரு, ரயிலுக்கு நேரமாச்சுன்னாங்க."

பேரம் பேசவில்லையாம். முகம் சரியில்லாத மனுஷிக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்காமல், பார்க்க மாட்டாள் என்று தெரிந்ததும் முங்குகிற சரக்கை உள்ளே வைத்துக் கட்டியிருக்கிறான். நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. சலீம்தான் போனைப் பிடுங்கி அணைத்தான்.

குழுவில் ஒருவர் கேட்டார்: "அந்த ஒம்போதையும் சும்மா பேருக்குப் போட்டுக்கிட்டு நிப்போமே அண்ணே? கரையில பாக்குற ஜனத்துக்கு ஒரு தைரியமா இருக்கும்." நான் கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கினேன். நனைந்த துணி லேசில் வெட்டுப்படவில்லை. ஒன்பதையும் வெட்டி முடித்தேன்.

ஆக, பதினொரு பேருக்கு ஐந்து ஜாக்கெட். வேறு மனுவும் கொடுத்தாயிற்று, இந்த முறை பட்டியல் இல்லாமல். பரிசீலனையில் இருக்கிறதாம். ஆடிப்பெருக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை. அக்காவை நினைவுகூர என்னிடம் போட்டோ இல்லை, அவர் கைப்பட்ட பொருள் எதையும் நான் கேட்டு வாங்கவும் இல்லை. அந்த ஐந்து யாருக்கு, மீதி ஆறு பேர் யார் என்று எழுத வேண்டிய தாள்தான் என் மேசையில் இருக்கிறது. ஜாக்கெட் இல்லாதவர்கள் வரிசையில் முதலில் என் பெயரை எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே இன்னும் ஐந்து பெயர் எழுத வேண்டும். மூன்று நாளாகக் கை ஓடவில்லை.