மைதாப் பசை

மாட்டுக் கொத்துக்கறியையும் சீஸையும் மைதா மாவால் மூடி, ஓவனில் வைக்கும் முன் மகள் என்னிடம் கத்தியை நீட்டினாள்.

"மேல நாலு கீறல் போடும்மா. ஆவி வெளிய போகணும்."

வெளியே போய்விடக்கூடாதே என்றுதான் என் அம்மா அன்று அந்தப் பாடு பட்டாள்.

எழுபதுகளில் கோவில்பட்டியில் வாடகைக்கு இருந்தோம். தங்கைக்குக் காசநோய். கறி கொடுக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். எங்களால் வாங்க முடிந்தது மாட்டுக்கறிதான். வீட்டுக்காரம்மாவோ, "அந்த வாடை வந்துச்சு, அன்னைக்கே வீட்டைக் காலி பண்ணிரணும்" என்று குடிவந்த நாளிலேயே சொல்லியிருந்தார்.

அம்மா கறியைப் பொடிசாகக் கொத்தி அடுப்பிலேற்றினாள். தீப்பெட்டி ஒட்டக் காய்ச்சி வைத்திருந்த மைதாப் பசையை அள்ளிச் சட்டியின் மூடியைச் சுற்றி அப்பினாள். வெந்ததும் மூடியைப் பெயர்த்துத் தங்கைக்கு ஒரு வாய் ஊட்டினாள். அதற்குள் வீட்டுக்காரம்மா கதவைத் தட்டினார்.

"உள்ள என்னட்டி வேகுது?"

"பசை காச்சுதேன்க்கா."

இருமல் வெடிக்கப் போன தங்கையின் வாயை அம்மாவின் கை இறுகப் பொத்தியிருந்தது. பிள்ளையின் கண்கள் பிதுங்கின. வாசலில் காலடி நகரும்வரை அம்மா கையை எடுக்கவில்லை.

"ஏம்மா அப்படியே நிக்கிற?" என்றாள் மகள்.

கத்தியை வாங்கிக்கொண்டேன். முதலில் போய் ஜன்னல்களைச் சாத்தினேன்.