மருந்துக் கணக்கில் சேராத மாத்திரை

மகளுக்குக் கல்யாணமான நாளிலிருந்து என் மருமகனிடம் நான் நேராகப் பேசியதில்லை. எங்கள் பக்கம் மாமியார் மருமகன் முன்னால் நின்று பேசுகிற வழக்கம் கிடையாது. "அவரச் சாப்பிட வரச் சொல்லு" என்று மகளிடம் சொல்வேன். பக்கத்து அறையிலிருந்து "இப்ப வேணாம்னு சொல்லு" என்று அவரும் அவளிடமே சொல்வார். எல்லாப் பேச்சும் அவள் வழியாகத்தான்.

மருமகன் ஜீப் ஓட்டுகிறார். காலையில் போடியில் பெண்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போய், சாயங்காலம் அவர்களையும் ஏலக்காய் மூட்டைகளையும் கொண்டுவந்து இறக்குவார். அதே ஜீப்பில் என் மகளும் ஏலக்காய் எடுக்கப் போவாள். செடியின் அடியில் குனிந்து, முற்றிய காயை மட்டும் விரலால் பார்த்து எடுக்கிற வேலை.

இரண்டு பிள்ளை போதும் என்று ஆனதும் அவளுக்கு ஆபரேஷன் செய்யப் பார்த்தோம். சீசன் முடியட்டும் என்றார் மருமகன். தோட்டத்தில் சோலி எப்போது முடிந்தது? கடைசியில் அதற்குப் பதிலாக அவரே மெடிக்கலில் மாத்திரை வாங்கித் தாளில் சுற்றிக் கொண்டுவந்தார். பிரஷர் இருக்கிறதா, தலைவலி வருமா என்று கடையில் ஒருவரும் கேட்கவில்லை. அட்டை தீரத் தீர அடுத்தது வந்தது.

ஒற்றைத் தலைவலி அவளுக்குச் சிறு வயதிலிருந்தே உண்டு. வருவதற்கு முன்னால் கண்ணில் வெளிச்சம் நெளியும். மாத்திரை தொடங்கிய பிறகு அது அடிக்கடி வந்தது. ஜீப்பில் வரும் பெண்களுக்கு அதுவும் கேலிதான்.

"ஒம் புருசன் வளைவுல திருப்புற திருப்புக்கு எங்களுக்கே தல கிறுகிறுங்குது. ஒனக்கு மட்டும் வலிக்காதாக்கும்?"

இந்தச் சீசனில் ஒரு நாள் காய் எடுத்துக்கொண்டிருந்தவளுக்கு வலது கை தளர்ந்துபோனது. எடுத்த காய் விரலில் நிற்கவில்லை. வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. மலைக் குளிர் தாக்கிவிட்டது என்றாள் ஒருத்தி, கண்ணேறு என்றாள் இன்னொருத்தி. நல்லவேளையாக மருமகன் எதையும் கேட்டு நிற்காமல் வெரசா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டார்.

"தெனமும் மருந்து மாத்திர எதாவது சாப்பிடுறாங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒண்ணும் கெடையாது சார். நல்லாத்தான் இருந்தா."

மருமகன் பொய் சொல்லவில்லை. எங்கள் ஊரில் நோய்க்குத் தின்பதுதான் மருந்து. இதை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. அப்புறம் நர்ஸ் ஒருத்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பிள்ள தள்ளிப்போட மாத்திர எதும் சாப்பிடுதாம்மா?" என்றாள். ஆமென்று தலையை ஆட்டினேன்.

டாக்டர் மருமகனைக் கூப்பிட்டுச் சொன்னார். எல்லாருக்கும் இப்படி ஆகாதாம். ஆனால் பிரஷர் உள்ளவர்களும், கண்ணில் வெளிச்சம் நெளிகிற தலைவலி உள்ளவர்களும் இந்த மாத்திரையைத் தொடவே கூடாதாம். ரத்தம் கட்டி மூளைக்குப் போகிற குழாயை அடைத்துவிடுமாம். மகளுக்கு பிரஷர் இருந்ததே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். "நீங்க ஆபரேசன் பண்ணிக்கிட்டா சின்ன வேலைதான்" என்றும் சொன்னார். மருமகன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மகள் வீட்டுக்கு வந்துவிட்டாள். நடக்கிறாள். விரல்தான் இன்னும் சொன்னபடி கேட்கவில்லை, பேச்சும் குழறுகிறது. பேசப் பேச அவளுக்கே அழுகை வந்து நிறுத்திவிடுகிறாள்.

ஒரு மாதம் போயிருக்கும். மருமகன் சட்டைப் பையிலிருந்து ஒரு தாள் பொட்டலத்தை எடுத்து அவள் தலைமாட்டில் வைத்தார். பிரித்துப் பார்த்தேன். அதே மாதிரி அட்டை. அவரிடம் சொல்லச் சொல்லி மகளைப் பார்த்தேன். அவள் வாய் அசைந்தது, வார்த்தை வரவில்லை.

நானே அவர் முன்னால் போய் நின்றேன்.

"மாப்ள, இனி இது இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது."

அவர் திடுக்கிட்டு எழுந்து நின்றார். "இல்லத்த... மெடிக்கல்ல இது வேற கம்பெனின்னு சொன்னான்."

"கம்பெனி எதுவா இருந்தா என்ன? டாக்டரு ஒங்களத்தான பண்ணிக்கச் சொன்னாரு?"

"லோடு தூக்குறவன் அத்த. கத்தி வச்சா ஒடம்பு என்னத்துக்காகும்?"

"அவ காய் எடுக்குறவ. அவ கை என்னத்துக்காச்சு?"

அவர் ஜீப் சாவியை எடுத்துக்கொண்டே, "சீசன் முடியட்டும், பாக்கலாம்" என்றார். அதே சீசன், அதே பேச்சு. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

அட்டையை அடுப்பில் போட்டேன். மகளின் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து என் பாய்க்குப் பக்கத்தில் விரித்தேன். அவர் போய் ஆபரேஷன் செய்துகொண்டு வருகிறவரை அது அங்கேதான் கிடக்கும்.