சகலையோடு ஓடி வாத்துகளோடு விழுந்தேன்

போன வருடம் புரட்டாசி முடிந்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அது. இடம், வலங்கைமானுக்குப் பக்கத்தில் இருக்கும் என் மனைவியின் அக்கா ஊர். ஒரு மாதமாகக் கவிச்சியைத் தொடாமல் இருந்த குடும்பங்களெல்லாம் விடிந்ததும் விடியாததுமாக மீன் கடைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற நாள். நான், மனைவி, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் மூவரும் தஞ்சாவூரிலிருந்து சனிக்கிழமை மாலையே காரில் போய் இறங்கிவிட்டோம்.

என் சகலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என்னைவிட ஆறு வயது மூத்தவர். விவசாயம். நல்ல தொப்பை. மாமனார் வீட்டில் எதற்கெடுத்தாலும் 'பெரிய மாப்பிள்ளை, பெரிய மாப்பிள்ளை' என்பார்கள். அரசு அலுவலகத்தில் ஒரு பிரிவுக்கே கண்காணிப்பாளராக இருக்கும் என்னை, 'அவரும் நல்லவர்தான்' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். பதினெட்டு வருடமாக இதை நான் பொறுத்துக்கொண்டு வருகிறேன்.

ஆனால் அந்த வருடம் என்னிடம் ஒரு புது பலம் இருந்தது. சர்க்கரை எல்லையைத் தொடுகிறது என்று டாக்டர் பயமுறுத்தியதில், ஐந்து மாதமாகத் தினமும் காலையில் நடந்துகொண்டிருந்தேன். பிறகு நடை மெல்ல ஓட்டமாக மாறியது. அடி எண்ணும் கைக்கடிகாரம் ஒன்றும், ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஜோடி ஷூவும் வாங்கினேன். எட்டு கிலோ குறைந்திருந்தேன். யாராவது 'இளைச்சுட்டீங்களே' என்று கேட்கமாட்டார்களா என்று காத்திருந்து, கேட்டதும் அரை மணி நேரம் விளக்கம் சொல்லும் ஆளாக மாறியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை சகலை மூன்று கிலோ கெண்டை வாங்கி வந்தார். அக்கா தங்கை இரண்டு பேரும் ஒரே குரலில், மீன் ஆய்வது இன்றைக்கு ஆம்பளைங்க வேலை என்று சொல்லிவிட்டார்கள். நானும் சகலையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். செதிலெடுத்து, வயிற்றைக் கீறி, கல் உப்புப் போட்டு உரசி, மூன்று கிலோ.

"என்னா சகலை, கையில கடிகாரம்லாம் பலமா இருக்கு. ஓடுவீங்களாமே. ஒரு ஓட்டம் ஓடிப் பாத்துருவமா? தோக்குறவரு மீன் ஆயட்டும்," என்றார் அவர்.

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. ஆனாலும் பெருந்தன்மையாக, "வேணாம்ணே, உங்களுக்கு மூச்சு வாங்கும்," என்றேன். அந்த ஒரு வார்த்தையில் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்து, "என்னங்க, இதெல்லாம் தேவையா?" என்றாள். சகலையின் உடம்பை நினைத்துத்தான் சொல்கிறாள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஓட்டம் வாய்க்கால் கரையில். மதகில் தொடங்கி, சகலையின் மோட்டார் கொட்டகையைத் தொட்டால் முடிவு. அரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு பக்கம் வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மறுபக்கம் அவருடைய வயல்தான். குறுவை அறுத்த தாள் ஒரு பங்கில் நின்றது. அதை ஒட்டிய பங்கில் சம்பாவுக்கு நேரடியாக விதை தெளித்து நாலு நாள் ஆகியிருந்தது. கல்லூரியில் படிக்கும் அவர் மகள் செல்போனில் படம் பிடிக்க, என் மகள் ஒன்று இரண்டு மூன்று சொன்னாள்.

கிளம்பினோம். முப்பது அடி தாண்டுவதற்குள் அவர் பின்தங்கிவிட்டார். வெறுங்காலோடு தொப் தொப்பென்று அவர் ஓடிவரும் சத்தம் தேய்ந்துகொண்டே போனது. ஒரு முறை திரும்பிப் பார்த்தேன். வேட்டியை ஒரு கையிலும் தொப்பையை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. மாமனார் இதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லையே என்று நினைத்தேன். அந்த வீடியோவை அவருக்கு எப்படி அனுப்புவது, கீழே என்ன எழுதுவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

கரை ஓரிடத்தில் வளைகிறது. அங்கே காட்டாமணக்குச் செடி மண்டி, எதிரில் வருவது தெரியாது. நான் வேகத்தைக் குறைக்காமல் திரும்பினேன்.

கரை முழுக்க வாத்து.

வெள்ளையும் சாம்பலும் பழுப்புமாக, கழுத்தை நீட்டிக்கொண்டு, அறுநூறு வாத்துகள் என்னை நோக்கி வந்துகொண்டிருந்தன. அறுவடையான வயல்களில் மேய்க்க வெளியூரிலிருந்து வரும் ஒரு கணவனும் மனைவியும் நீண்ட கழிகளோடு பின்னால் வந்தார்கள். நிற்க வேண்டும் என்று மூளை சொன்னது. முந்தின நாள் பெய்த மழையில் ஊறியிருந்த களிமண்ணில், அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஷூ நிற்கவில்லை. நான் உட்கார்ந்த வாக்கில் வழுக்கிக்கொண்டே வாத்துகளின் நடுவில் போய், அங்கிருந்து திரும்பி, வாய்க்காலுக்குள் விழுந்தேன்.

தலையை வெளியே எடுத்தபோது காதில் வாத்துச் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. பாதிக் கூட்டம் வயலுக்குள் பாய்ந்துவிட்டது. தாள் நிற்கும் பங்குக்குப் போயிருந்தால் பரவாயில்லை, நேராக விதை தெளித்த பங்குக்குள் இறங்கி மேய ஆரம்பித்தன. மீதி எல்லாம் வாய்க்காலில் குதித்து, தண்ணீர் போகும் திசையில் மிதந்து போய்க்கொண்டிருந்தன. கொஞ்ச தூரத்தில் ஒரு ஷட்டர் இருக்கிறது. அதன் அடியில் தண்ணீர் இரைச்சலோடு பாய்ந்து பெரிய வாய்க்காலில் விழும். அதற்குள் போனால் வாத்து தப்புவது கஷ்டம்.

சகலை வளைவில் வந்து நின்றார். என்னைப் பார்த்தார். பிறகு தன் வயலைப் பார்த்தார். அவ்வளவுதான், போட்டியில் ஓடியதைவிட இரண்டு மடங்கு வேகத்தில் வயலுக்குள் பாய்ந்தார். வாத்துக்காரரும் கழியோடு அவர் பின்னால் ஓடினார். என் மனைவி, அவள் அக்கா, எங்கள் மகள்கள் எல்லோரும் சேற்றில் இறங்கி வாத்து விரட்டினார்கள். சகலை மகள் மட்டும் அப்போதும் செல்போனைக் கீழே வைக்கவில்லை.

வாத்துக்கார அம்மா மட்டும் வேறு மாதிரி. நாற்பது வயது இருக்கும். சத்தம் போடவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கரையோடு விறுவிறுவென்று நடந்து, மிதக்கும் வாத்துகளை முந்திப் போய், ஷட்டருக்குப் பத்தடி முன்னால் தண்ணீரில் இறங்கிக் கழியைக் குறுக்கே நீட்டினார். கூட்டம் திரும்பி நான் நிற்கும் பக்கமாக எதிர்நீச்சல் போட்டு வர ஆரம்பித்தது.

செய்த தப்புக்குப் பரிகாரம் தேட எனக்கு இதுதான் நேரம் என்று பட்டது. இரண்டு கைகளையும் அகல விரித்து, "வா, வா, வா" என்று கத்திக்கொண்டே வாத்துகளை வரவேற்றேன். அவை என்னைப் பார்த்தன. அப்படியே திரும்பி ஷட்டரை நோக்கிப் போயின. அந்த அம்மா மறுபடி திருப்பி அனுப்பினார். நான் இன்னும் உற்சாகமாகக் கையை ஆட்டினேன். மறுபடி திரும்பிப் போயின.

மூன்றாவது முறை அவர் அங்கிருந்தே சொன்னார். "சார், கைய ஆட்டாதீங்க. உங்களப் பாத்துதான் அதுவ பயப்படுது. கரையேறிடுங்க."

கரையேறப் பார்த்தேன். வலது கால் வரவில்லை. ஷூ முழுதும் சேற்றில் புதைந்திருந்தது. காலை இழுக்க இழுக்கத் தண்ணீர் சலசலத்தது, வாத்துகள் இன்னும் மிரண்டன.

"வரலைன்னா விடுங்க சார். அந்தக் கோரை ஓரமா அசையாம ஒக்காந்துக்குங்க. பேசக்கூட வேணாம்."

உட்கார்ந்தேன். கழுத்து வரை தண்ணீர். கண்ணுக்கு முன்னால் கோரைப் புல். அந்த அம்மா நாக்கை மடித்து மெல்லிய சத்தம் ஒன்று கொடுத்துக்கொண்டே, கழியின் நுனியால் தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் நடத்திக்கொண்டு வந்தார். வாத்துகள் வரிசையாக என் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் கடந்து போயின. பத்து நிமிடமாவது ஆகியிருக்கும். ஒன்று நின்று என் காதைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போனது. மூக்கு அரித்தது. சொரியவில்லை. நடுவில் தண்ணீருக்கடியில் கடிகாரம் கிர்ரென்று அதிர்ந்தது. பிறகு பார்த்தால், அன்றைய இலக்கை அடைந்துவிட்டேன் என்று பாராட்டியிருக்கிறது.

என் அலுவலகத்தில் பதினான்கு பேர் எனக்குக் கீழே வேலை பார்க்கிறார்கள். இத்தனை வருடத்தில் நான் யார் பேச்சையும் இவ்வளவு ஒழுங்காகக் கேட்டதில்லை.

எல்லா வாத்தும் கரையேறியதும் சகலை வந்து என் கையைப் பிடித்து இழுத்தார். கால் வந்தது. ஷூ வரவில்லை. அது இன்றைக்கும் அந்த வாய்க்காலில்தான் இருக்கிறது.

வாத்துக்காரர் இரண்டு கழிகளை நட்டு, நடுவில் இரண்டிரண்டாக வாத்துகளை விட்டு எண்ணினார். மூன்று குறைந்தது. அதுவரை வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்த மகள்கள்கூடச் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். அந்த அம்மாவின் முகம் வாடியதைப் பார்த்தேன். "போனாப் போவுது சார், நீங்க போயி ஈரத்த மாத்துங்க," என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒற்றைக் காலில் ஷூவோடு இரண்டு கரையிலும் புதர் புதராகத் தேடினேன். காட்டாமணக்குக்கு அடியில் இரண்டு ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. நான் கிட்டே போகவில்லை. அந்த அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவ்வளவு தேறியிருந்தேன்.

மூன்றாவது வாத்தைக் கண்டுபிடித்தது என் மகள். அது மோட்டார் கொட்டகைத் தண்ணீர்த் தொட்டியில் நிம்மதியாக நீந்திக்கொண்டிருந்தது.

சகலை தீர்ப்புச் சொல்லிவிட்டார். வாத்து முதல் பரிசு. வாத்து விரட்டும்போது தானும் கொட்டகைச் சுவரைத் தொட்டதாகவும், அதனால் தான் இரண்டாவது என்றும் சொன்னார். சாட்சி கிடையாது. ஆனால் அவர் விதைப்பில் ஒரு மூலையை வாத்துக்குக் கொடுத்துவிட்டு நின்ற மனுஷர். நான் வாதாடவில்லை. மூன்று கிலோ கெண்டையையும் நானே ஆய்ந்தேன். தேவையா என்று கேட்டது யாரை நினைத்து என்று மனைவியிடம் அப்போதுதான் விசாரித்தேன். "உங்கள நெனச்சுத்தான். அவருக்கு அந்தக் கரை வழுக்கும்னு தெரியுமே," என்றாள்.

குழம்பு கொதித்ததும் ஒரு தூக்கில் எடுத்துக்கொண்டு வாத்துக்காரர்கள் போட்டிருந்த கூடாரத்துக்கு நானே போனேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று போய், தூக்கை மட்டும் நீட்டினேன். அந்த அம்மா குழம்பை வாங்கி வைத்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் கூடையில் வைக்கோல் பரப்பி, பன்னிரண்டு முட்டை அடுக்கிக் கொடுத்தார். "பாப்பாதான் ஒண்ணக் கண்டுபுடிச்சிச்சு, அதுக்கு அவிச்சுக் குடுங்க," என்றார். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். "காதுல கொத்துனுச்சே, வலிக்குதா சார்?"

நாங்கள் ஊர் திரும்பிய மறுநாள் சகலை போனில் பேசியபோது போகிற போக்கில் ஒன்று சொன்னார். வாத்து ஒரு தடவை மிரண்டால் இரண்டு மூன்று நாள் ஒழுங்காக முட்டை வைக்காதாம். கையில் இருந்த காபியைக் கீழே வைத்தேன். நான் வாய்க்காலில் விழுந்த நொடியிலேயே அது அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். காலையில் சேகரித்து வைத்திருந்ததில் பன்னிரண்டை எடுத்து எனக்கே கொடுத்திருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வீடியோ மாமனாருக்குப் போய்ச் சேர்ந்தது, நான் நினைத்த வடிவத்தில் அல்ல. கோரைக்குப் பின்னால் என் தலை மட்டும் தெரிகிற இடத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறாராம். ஆனால் இப்போது மாமனார் வீட்டுக்குப் போனால் முதலில் என்னைத்தான் விசாரிக்கிறார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்.

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், கம்ப்யூட்டரில் பதிவு செய்யும்போது தப்புத் தப்பாகப் போடுவாள். உதவி செய்வதாக நினைத்து நான் அவள் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டே இருப்பேன். அவள் இன்னும் தடுமாறுவாள். ஊரிலிருந்து வந்த அந்த வாரம், அவள் திணறுவதைப் பார்த்ததும் வழக்கம்போல எழுந்தேன். ஏனோ அந்த அம்மாவின் குரல் காதில் விழுந்தது. டீ குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது வேலையை முடித்துவிட்டிருந்தாள், ஒரு பிழை இல்லாமல். இத்தனை நாள் எத்தனை பேர் என்னைப் பார்த்தே மிரண்டிருப்பார்கள் என்று நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. சில நேரம் ஒருவருக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உதவி அவர் கண்ணில் படாமல் சும்மா இருப்பதுதான் என்பதை, நாற்பத்தாறு வயதில் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்துதான் நான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.