திரும்பி வந்த வெள்ளை நைட்டிகள்

ஆன்லைனில் துணி விற்பது, முகமே தெரியாதவர்களிடம் நல்ல பேர் வாங்கப் பார்க்கிற தொழில். இதைப் பற்றி எழுத உட்காரும்போதே எனக்குப் பயமாக இருக்கிறது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஒன்றைச் சொல்லப் போய் வேறொன்றைச் சொல்லிவிடுவேனோ, அதை நம்பிப் புதிதாகக் கடை திறக்கிறவர்கள் யாராவது கஷ்டப்படுவார்களோ என்று டீ போட்டுப் போட்டுக் குடித்துக்கொண்டிருக்கிறேன். அதனால் எனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன். ஏற்கெனவே விற்றுக்கொண்டிருக்கும் உங்களுக்கு இதில் பாதி, உங்கள் வீட்டில் நடந்த மாதிரியே இருக்கும்.

நாங்கள் இருப்பது திருவொற்றியூரில், எண்ணூருக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் ரோட்டை ஒட்டிய தெரு. வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் வேலை இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. வீடு ஓடுவது என் நைட்டி வியாபாரத்தில்தான். கல்யாணமாகித் தாம்பரத்துக்குப் போன என் நாத்தனார் ஸ்டெல்லாதான் விற்பனை ஆப்பில் என் பெயரில் கணக்கு திறந்து கொடுத்தாள். அந்தக் கணக்கை மூடிவிட்டால் நாங்கள் என்ன செய்வோம் என்ற கவலை முதல் நாளிலிருந்தே என்னோடு இருக்கிறது.

பின்னால் இருந்த குடம்

முதல் முதலாகப் போட்ட போட்டோவில் நைட்டியைச் சமையல்கட்டுக் கதவில் மாட்டி எடுத்தேன். வெளிச்சம் நன்றாக விழுந்தது, பூப்போட்ட துணி பளிச்சென்று தெரிந்தது. பின்னால் தண்ணீர்க் குடங்கள் வரிசையாக நின்றதை நான் கவனிக்கவே இல்லை. தினமும் பார்க்கிற பொருள் கண்ணில் படுவதில்லை, இல்லையா?

இரண்டு நாள் யாரும் எதுவும் கேட்கவில்லை. பிறகு ஒரு கேள்வி வந்தது. ஆசையாகத் திறந்தேன். அந்த அம்மா எழுதியிருந்தார்: "நைட்டி வேண்டாம். பின்னால் இருக்கும் பச்சைக் குடம் கிடைக்குமா?"

அன்றைக்கே ஒரு பெட்ஷீட்டை ஆணியடித்துக் கட்டினேன். நீங்கள் முதலிலேயே கட்டிவிடுங்கள்.

லேபிளில் இருக்கும் அளவு

வண்ணாரப்பேட்டையில் நான் சரக்கு எடுக்கும் கடை ஒரு பாயுடையது. அவர் கடைத் துணியில் எக்ஸ்எல் என்று லேபிள் இருந்தால் நானும் எக்ஸ்எல் என்றே போட்டுவந்தேன். சேலத்திலிருந்து ஒருவர், கோபமே இல்லாமல், "எனக்காக வாங்கினேன். பத்து வயதுப் பெண்ணுக்குச் சரியாக இருக்கிறது, நன்றி" என்று எழுதி ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்திருந்தார். அந்த நன்றிதான் எனக்கு அதிகம் வலித்தது.

பாயிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் கல்லாவை விட்டு எழுந்திருக்கவே இல்லை. இஞ்ச் டேப்பை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: "லேபிளு கம்பெனிக்காரன் இஷ்டத்துக்குத் தைக்கிறதும்மா. அதுல இன்னா எழுதிகீதுன்னு உடம்புக்குத் தெரியுமா? ஒவ்வொண்ணா பிரிச்சு அளந்து போடு."

மஞ்சள் கறை

பாய் சொன்னபடி அன்றிலிருந்து ஒவ்வொரு நைட்டியையும் கவரிலிருந்து எடுத்து, அளந்து, அலமாரியில் அடுக்கிவைத்து, ஆர்டர் வந்ததும் மடித்து அனுப்பினேன். அளவு பற்றிய புகார் நின்றது. ஆனால் ஒரு நாள் ரிட்டர்ன் வந்த பார்சலைப் பிரித்தால், நான் அனுப்பிய புது நைட்டிக்குப் பதிலாக, மடியெல்லாம் மஞ்சள் கறை படிந்த ஏதோ ஒரு பழைய நைட்டி. யாரோ உடுத்திக்கொண்டு சமையல் செய்த துணி. என் துணி அவர்களிடமே நின்றுவிட்டது.

புகார் கொடுத்தால் ஆதாரம் கேட்டார்கள். என்னிடம் ஏது? பார்சல் கொண்டுவந்த பாபுவை வாசலில் நிறுத்திவைத்துப் புலம்பினேன். அவன் வண்டியை ஆஃப் செய்யாமலே கேட்டுக்கொண்டிருந்தான். "ஒட்டினது ஒட்டினபடியே எடுத்தாந்தேன்கா. உள்ள இன்னா கீதுன்னு எனக்கு எப்டித் தெரியும்? அனுப்பசொல்லோ ஒரு வீடியோ, பிரிக்கசொல்லோ ஒரு வீடியோ. அவ்ளோதான் மேட்டரு, இதுக்கு ஏன் பேஜாராவுற?"

கண்ணைக் கழுவச் சொன்னது

அதற்குப் பிறகு வெள்ளை நைட்டிகள் வரிசையாகத் திரும்ப ஆரம்பித்தன. கறுப்பு போனால் வரவில்லை, அரக்கு போனால் வரவில்லை. வெள்ளை, இளமஞ்சள், ரோஸ் மட்டும் போன வேகத்தில் திரும்பி வந்தன. எல்லாவற்றிலும் ஒரே காரணம்: யாரோ உடுத்திய துணி. எடுத்துப் பார்த்தால் எனக்குப் புதுசாகத்தான் தெரிந்தது. நான் வீடியோ எடுத்தே அனுப்பியிருந்தேன். ஊரே சேர்ந்து ஏமாற்றுகிறது என்று முடிவு கட்டினேன். ஆப்பிலிருந்து எச்சரிக்கையும் வந்தது. பழைய துணி அனுப்புவதாகப் புகார்கள் வருகின்றன, தொடர்ந்தால் கணக்கு நிறுத்தப்படும் என்று.

அந்த ஆத்திரத்தில் கும்பகோணத்துப் பெண் ஒருவருக்கு, "நாங்கள் புதுத் துணிதான் அனுப்பினோம், கண்ணைக் கழுவிவிட்டுப் பாருங்கள்" என்று எழுதிவிட்டேன். தயவுசெய்து நீங்கள் அப்படி எழுதாதீர்கள். உங்கள் பதிலை எல்லோரும் படிப்பார்கள். அவர் பதிலையும் படிப்பார்கள். அவர் எழுதினார்: "கண்ணைக் கழுவிவிட்டும் பார்த்தேன். நைட்டிதான் அழுக்காக இருக்கிறது."

இரண்டு தட்டு

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஸ்டெல்லா வந்தாள். என் பக்கம் நியாயம் இருப்பதை அவளாவது பார்க்கட்டும் என்று பேக்கிங் வீடியோக்களை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினேன். அவள் போனை வாங்கி, ஒரே இடத்தைத் திருப்பித் திருப்பி ஓட்டினாள்.

"அண்ணி, மடிக்கிறதுக்கு முன்னாடி எதுக்கு ரெண்டு தட்டு தட்டுறீங்க?"

"தூசி இருக்கும்ல."

"புதுத் துணியில இன்னா தூசி?"

அலமாரியிலிருந்து ஒரு வெள்ளை நைட்டியை எடுத்து, வழக்கம்போல் தட்டினேன். ஸ்டெல்லா அதை வாசலுக்கு, வெயிலுக்குக் கொண்டுபோனாள். என் உள்ளங்கை அப்படியே சாம்பல் நிறத்தில் அதில் பதிந்திருந்தது. லாரிகள் கிளப்பும் தூசி வந்து படிகிற ரோட்டுப் பக்க ஜன்னலுக்குக் கீழேதான் அந்த அலமாரி. உதறியிருந்தாலாவது போயிருக்கும் தூசியை நான் தட்டித் தட்டித் துணிக்குள் ஏற்றியிருக்கிறேன். எங்கள் தெருவில் யாரும் தட்டாமல் நாற்காலியில் உட்கார மாட்டார்கள், தட்டாமல் பாயை விரிக்க மாட்டார்கள். தட்டுகிறோம் என்பதே எங்களுக்குத் தெரியாது. ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்க எடுத்த வீடியோவில் நான்தான் மாட்டினேன். துணியிலேயே இவ்வளவு என்றால் சோற்றில் எவ்வளவு, மூச்சில் எவ்வளவு என்று நினைத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போதும் படியைத் தட்டிவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன், ஸ்டெல்லா சிரித்த பிறகுதான் தெரிந்தது.

"விடுங்க அண்ணி. தாம்பரம் போன புதுசுல நானும் சோபாவத் தட்டிட்டுத்தான் உக்காருவேன். எங்க வூட்ட கலீஜுன்றியான்னு மாமியார் சண்டைக்கே வந்துட்டாங்க."

கடைசியில் செய்தது

கும்பகோணத்துப் பெண்ணிடம் எல்லோரும் பார்க்கவே மன்னிப்புக் கேட்டேன். அவர் பதில் போடவில்லை, ஆனால் முன்பு கொடுத்திருந்த ஒற்றை நட்சத்திரத்தை மூன்றாக்கினார். இப்போது வண்ணாரப்பேட்டைக் கடையிலேயே ஒரு மூலையில் நின்று துணியை அளந்து, அங்கேயே கவரில் போட்டு ஒட்டிவிடுகிறேன். வீட்டில் கவரைப் பிரிப்பதே இல்லை. வெளிர் நிறம் எதையும் விற்பதும் இல்லை. எச்சரிக்கை மறைந்து, கணக்கு இன்னும் என் பெயரில் ஓடுகிறது. மிச்சமிருந்த வெள்ளை நைட்டிகளை நானே உடுத்திக்கொண்டு தெருவில் போய் வருகிறேன், இங்கே யாரும் அதைப் பழசு என்று சொன்னதில்லை.